தங்கையிடம் சொல்ல வேண்டுமா? தசைச்சிதைவு நோயும் தாய்வழிக் குடும்பமும்

கேள்வி: மருதாணி

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றை இங்கே கேட்கிறேன். சற்று நீளமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

என் மகனுக்கு ஆறு வயது. பதினெட்டு மாதம் கடந்த பிறகுதான் நடக்கத் தொடங்கினான். ஆண் பிள்ளைகள் சிலர் அப்படித்தான் என்று பெரியவர்கள் சொன்னதால் நாங்களும் கவலைப்படவில்லை. மூன்று வயதில் அவனுடைய கெண்டைக்கால்கள் இரண்டும் உருண்டு திரண்டு இருப்பதைப் பார்த்து, இவன் பெரிய ஓட்டக்காரனாக வருவான் என்று என் மாமனார் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். ஆனால் அவனால் ஓடவே முடியவில்லை. படியேறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவான். ஒருமுறை காய்ச்சலுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் மிக அதிகமாக இருந்தன. கல்லீரலில் கோளாறு என்று சொல்லி ஓராண்டு காலம் அதற்கே மருந்து கொடுத்தார்கள். கடைசியில் அவனுடைய யு.கே.ஜி. வகுப்பு ஆசிரியைதான், "இவன் தரையிலிருந்து எழுந்திருக்கிற விதம் சரியில்லை, நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொன்னார். தசை சிதைவதைக் காட்டும் சி.பி.கே. என்ற நொதியைப் பார்த்தபோது மிக அதிகமாக, 14,000 இருந்தது. அதன் பின் மரபணுப் பரிசோதனையில் டூஷேன் தசைச்சிதைவு நோய் என்று உறுதியாயிற்று. 45 முதல் 50 வரையிலான எக்சான்கள், அதாவது மரபணுவின் சில பகுதிகள், நீங்கியிருப்பதாக அறிக்கையில் உள்ளது. என் ரத்தத்தையும் சோதித்து, நான் அந்த மாற்றத்தைச் சுமப்பவள், அதாவது கேரியர், என்றும் சொல்லிவிட்டார்கள்.

அறிக்கை வந்த அன்று நடந்ததை நான் மறக்கவே முடியாது. அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். மகன் தரையில் விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்தான். கைகளைத் தரையில் ஊன்றி, இடுப்பை முதலில் உயர்த்தி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதைப் போல நிமிர்ந்தான். அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரவு விளக்கணைத்த பிறகுதான் சொன்னார்: "உன் சின்ன மாமாவும் இப்படித்தான் எழுந்திருப்பான்."

பத்தொன்பது வயதில் இறந்துபோன அந்த மாமாவுக்கு இளம்பிள்ளைவாதம் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நாக தோஷம் என்று பாட்டி போகாத கோயில் இல்லையாம்.

இப்போது என் சிக்கலைச் சொல்கிறேன். என் தங்கைக்கு இருபத்தைந்து வயது. வரும் ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வெளியிடத்தவர்கள், உறவினர் அல்லர். மகனுக்குச் சதைப் பலவீனம், மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று மட்டும்தான் தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவளிடம் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று நான் பேச்செடுத்தாலே, "கல்யாணம் முடியட்டும், உன் காலில் விழுகிறேன்" என்று அம்மா அழுகிறார். ஒவ்வோர் இரவும் தங்கை காணொளியில் அழைத்து என் மகனைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை.

என் கணவர் எனக்கு அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று உறவினர் சொல்கிறார்கள். அத்தையோ, "இது எங்கள் பக்கத்து வியாதி இல்லை, உன் அம்மா வழி வந்தது" என்கிறார். எது உண்மை? தங்கைக்கும் இது இருக்குமா? எனக்கு ஓர் அண்ணனும், மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சோதிக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா பேச்சைக் கேட்டு நான் வாய்மூடி இருப்பது சரியா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

சகோதரி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் மகனை நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்லே இறுதியானது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பொதுவாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கல்லீரல் மருந்து கொடுத்து ஓராண்டு வீணானதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இது அடிக்கடி நடப்பது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரண்டும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருப்பவை. தசை சிதையும்போது அவையும் ரத்தத்தில் கலக்கும். தாமதமாக நடந்த ஆண் குழந்தைக்கு இவை கூடியிருந்தால் சி.பி.கே. என்ற ஒரே ஒரு பரிசோதனையைச் சேர்த்துப் பார்த்திருந்தாலே போதும். இதைப் படிக்கும் மற்றப் பெற்றோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். இந்நோயில் குறைபடும் டிஸ்ட்ரோபின் என்பது தசை இழையின் உறைக்கு உட்புறம் இருந்து, தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் அந்த உறை கிழிந்துவிடாமல் தாங்கும் புரதம். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடும். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வருவது. அது பழுதாக இருந்தால் ஈடுகொடுக்க வேறில்லை. ஆகவேதான் உங்கள் மாமாவுக்கும் மகனுக்கும் நோய் வந்தது, இடையில் இருந்த உங்கள் அம்மாவும் நீங்களும் ஒன்றும் தெரியாமலே அதைச் சுமந்தீர்கள். பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1860களில் இந்நோயை விரிவாக எழுதினார். அதற்கான மரபணுவை 1986இல் அமெரிக்காவில் லூயி குங்கெலின் குழுவினர் கண்டறிந்தார்கள். மனிதனின் மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்றான இது 79 எக்சான்களைக் கொண்டது. அவ்வளவு நீளமாக இருப்பதால் படியெடுக்கப்படும்போது பிழை நேரும் வாய்ப்பும் அதிகம். இந்நோய் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இல்லாமல் புதிதாகவே இந்த மாற்றம் தோன்றுகிறது. அப்படி எங்கோ ஒரு தலைமுறையில், உங்கள் பாட்டிக்கோ அவருக்கும் முந்திய ஒருவருக்கோ, தற்செயலாக நேர்ந்த பிழைதான் உங்கள் வீடு வரை வந்திருக்கிறது. தோஷமும் இல்லை, பாவமும் இல்லை. தாய்வழியாக வந்தது என்று உங்கள் அத்தை சொன்னது உண்மை. ஆனால் அதற்காக உங்கள் அம்மாவையோ உங்களையோ குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை.

சொந்தத்தில் கட்டியதற்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. தலசீமியா, முதுகுத்தண்டு தசைச்சுருக்க நோய், பிறவிக் காது கேளாமையின் பல வகைகள் போன்றவற்றில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். ஒரே முன்னோர் வழியில் வந்த இருவர் மணந்தால் அந்த வாய்ப்புக் கூடும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தவர்கள் என்பதால், அந்தக் கவலை நம் ஊருக்கு நியாயமானதே. ஆனால் உங்கள் விஷயத்தில், காஷ்மீரத்திலிருந்து மாப்பிள்ளை பார்த்திருந்தாலும் இதே மகன் இதே நோயோடு பிறந்திருப்பான். உங்கள் கணவருக்கு இதில் பங்கில்லை. அதே காரணத்தால், தங்கைக்கு வெளியிடத்து மாப்பிள்ளை என்பதும் பாதுகாப்பாகாது.

உங்கள் அண்ணன் ஆரோக்கியமாக இருக்கிறார் என்றால் அவருக்குச் சோதனையே தேவையில்லை. நோயில்லாத ஆண் இந்த மாற்றத்தைச் சுமப்பதில்லை. அவருடைய பிள்ளைகளுக்கும் அவரிடமிருந்து வராது.

தங்கைக்கு இது இருப்பதற்கான வாய்ப்புச் சரிபாதி. இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோயுள்ள ஆண் குழந்தை, நான்கில் ஒரு பங்கு உங்களைப் போன்ற பெண் குழந்தை, மீதிப் பாதி எந்தப் பாதிப்பும் இல்லாத குழந்தை என்பதே கணக்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. உங்கள் மகனிடம் எந்த எக்சான்கள் நீங்கியுள்ளன என்பது தெரிந்துவிட்டதால், தங்கைக்கு எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனையைச் சில மில்லி ரத்தத்தில் செய்து ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த அறிக்கையின் நகலை அவர் கையோடு கொண்டுபோவது மிக முக்கியம். உங்கள் அம்மாவுடன் பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களுக்கும், அவர்கள் பெற்ற பெண்களுக்கும் இது பொருந்தும்.

உங்கள் மூன்று வயது மகளுக்கு இப்போது சோதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தசைப் பலவீனம் தெரிந்தாலன்றி இந்த வயதில் அந்த விடை அவளுக்கு ஒன்றுக்கும் பயன்படாது. வளர்ந்து, புரிந்துகொண்டு, தானே தீர்மானிக்கும் வயதில் அவள் செய்துகொள்ளட்டும். ஆனால் அந்த வயது வரும்போது அவளுக்குச் சொல்லப்பட வேண்டும்.

பலர் கேட்க மறக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றத்தைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு நடுவயதில் இதயத் தசை பலவீனமடையும். நீங்களும் உங்கள் அம்மாவும் இதய நிபுணரிடம் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று கேளுங்கள். முதுமை என்று விட்டுவிடாதீர்கள்.

மகனைப் பொறுத்தவரை, ஸ்டீராய்டு மருந்து நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தரும் என்பது நன்கு நிறுவப்பட்டது. பக்கவிளைவுகள் உண்டு, எலும்பு, எடை, கண் ஆகியவற்றைக் கவனித்துவர வேண்டும். திடீரென்று நிறுத்தவே கூடாது. கணுக்காலை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். உடலை வருத்தும் பயிற்சி வேண்டாம். எந்த அறுவைச் சிகிச்சையானாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகள் இக்குழந்தைகளுக்கு ஆபத்தானவை. இவன் அறிக்கையில் உள்ள மாற்றம், 51ஆம் எக்சானைத் தாண்டிப் படிக்கச் செய்யும் மருந்துக்குப் பொருந்தும் வகை. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது, மரபணுச் சிகிச்சைக்கு 2023இல் கிடைத்தது. இரண்டின் விலையும் நம்மால் எண்ணிப் பார்க்க முடியாதது. நோயை அடியோடு நீக்குவதாக எதுவும் நிறுவப்படவில்லை. மரபணுச் சிகிச்சை பெற்ற சிலர் கல்லீரல் செயலிழந்து இறந்ததும் உண்டு. வீட்டை விற்றாவது என்று யாரும் உங்களைத் தூண்டினால் அவசரப்படாதீர்கள்.

பதில் 2: அமராவதிக் கரை

சகோதரி, நான் உங்கள் தங்கையின் இடத்தில் இருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

என் பெரியம்மா மகளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் பத்து வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தான். பிள்ளைக்குக் காலில் ஊசி தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். என் திருமணத்துக்கு முன்பே அவர்களுக்கு நோயின் பெயரும் தெரியும், தாய்வழி உறவில் வரும் என்பதும் தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் மகனுக்கு ஐந்து வயதில் நோய் உறுதியானபோது, நான் அழுதுகொண்டே பெரியம்மா மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

என் மகனுக்கு இப்போது பதினேழு வயது. பன்னிரண்டு வயதில் நடை நின்றது. இரவில் அவனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. "அம்மா, திருப்பு" என்று மூன்று முறையாவது அழைப்பான். நான் ஒரு கையை அவன் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் திருப்பி, முழங்கால்களுக்கிடையில் தலையணை வைத்து, காது மடங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். காது மடங்கிக் கிடந்தால் அவனால் சரிசெய்துகொள்ள முடியாது. வலியில் கண்ணீர் வரும், ஆனால் என்னை எழுப்ப வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டிருப்பான். இதெல்லாம் எந்த மருத்துவரும் சொல்லித் தராதவை. நான் ஆசிரியர் வேலையை விட்டேன். மாடி வீட்டிலிருந்து தரைத்தள வீட்டுக்கு வந்தோம். என் கணவர் நல்லவர். ஆனால் நாங்கள் இருவரும் ஒன்றாக ஒரு விசேஷத்துக்குப் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

அவன் பத்தாம் வகுப்புத் தேர்வைச் சொல்வதை எழுதுபவர் துணையோடு எழுதித் தேர்ச்சி பெற்றான். வீட்டில் யார் பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவான். அவன் இல்லாத வாழ்க்கையை நான் கேட்கவில்லை. அப்படி எண்ணவும் என்னால் முடியாது. ஆனால் கருவுற்றபோது நான் ஒன்றும் அறியாதவளாக இருந்தேன், என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. சோதித்திருப்பேனா, என்ன முடிவெடுத்திருப்பேன் என்பதெல்லாம் வேறு. அது என் முடிவாக இருந்திருக்க வேண்டும். நோய்க்காக நான் யாரையும் கோபித்ததில்லை. பெரியம்மா மகளோடு மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லை. உங்கள் தங்கை உங்களோடு பேசாமல் இருக்கும் நிலை வர வேண்டாம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் தசைச்சிதைவு நோய் தனியாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பதில் 3: காரைக்குடி அத்தை

எல்லோரும் சொல்லிவிடு, சொல்லிவிடு என்கிறீர்கள். நான் அந்தத் தாயின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அவர் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர், பேரனுக்கும் அதே நோய் என்று இப்போது அறிந்தவர். இளைய மகளின் திருமணமும் நின்றுபோனால் அவர் தாங்குவாரா? நம் ஊரில் ஒரு சம்பந்தம் முறிந்தால் காரணம் என்ன என்று பத்துப் பேர் கிளறுவார்கள். அடுத்து வரும் வரன்களும் அதைக் கேட்டே பின்வாங்குவார்கள். பாதிதான் வாய்ப்பு என்று மருத்துவர் ஐயாவே சொல்கிறார். இல்லாத நோய்க்காக ஒரு பெண் வாழ்க்கையை இழக்கலாமா? திருமணம் முடிந்த மறுவாரமே, கருத்தரிக்கும் முன், தங்கையை உட்கார வைத்துச் சொல்லிச் சோதனை செய்தால் என்ன குறைந்துவிடும்? நான் மறைக்கச் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

பதில் 4: ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

அத்தை அவர்கள் சொல்வதில் உள்ள அக்கறை எனக்குப் புரிகிறது. இதே வாதத்தை மருத்துவமனை வராந்தாவில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நடைமுறையில் நான் கண்டது இதுதான்: திருமணம் முடிந்த மறுவாரம் விருந்து, அதற்கடுத்து ஆடி, அதற்கடுத்துத் தலைதீபாவளி என்று நாள் தள்ளிப்போகும், சொல்லத் துணியும்போது பெண் மூன்று மாதக் கருவோடு வந்து நிற்பாள். கருவைச் சோதிக்க நஞ்சுக்கொடியிலிருந்து சிறு மாதிரியைப் பதினோராவது வாரத்துக்குப் பின் எடுக்கலாம். தவறினால் பதினாறாம் வாரத்திலிருந்து பனிக்குட நீரைச் சோதிக்கலாம். ஆனால் தாய்க்கு இந்த மாற்றம் இருக்கிறதா என்பதே தெரியாமல் அப்போதுதான் எல்லாவற்றையும் தொடங்கினால், அந்தச் சில வாரங்களின் பதற்றத்தை விவரிக்க என்னிடம் சொல் இல்லை. கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், இதுபோன்ற எக்ஸ் வழி நோய்களுக்காகப் பதிவுபெற்ற மையங்களில் கருவைச் சோதிப்பதை அனுமதிக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பில் கருவைக் கருப்பைக்குள் வைக்கும் முன்பே சோதிக்கும் வழியும் உண்டு, செலவு அதிகம். எதையும் சோதிக்காமல் பிள்ளை பெறுவதும் ஒரு பெண்ணின் உரிமைதான். எந்த வழியில் போவதானாலும் முன்கூட்டித் தெரிந்திருந்தால்தான் அது அவர் தேர்ந்த வழியாக இருக்கும்.

இன்னொன்று. தங்கையிடம் சொல்வது வேறு, மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது வேறு. இங்கே இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். தன் உடலைப் பற்றிய செய்தி முதலில் தங்கைக்கு உரியது. அதை வருங்காலக் கணவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். ஒருவேளை பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டால், மாப்பிள்ளை வீட்டில் சொல்வதற்கே எதுவும் இருக்காது. திருமணத்துக்கு இன்னும் காலம் இருக்கும்போதே சோதித்துவிடுவதில் உள்ள நன்மையை அத்தை அவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பதில் 5: அண்ணன்காரன்

என் தம்பி இந்நோயால் இருபத்தொரு வயதில் இறந்தான். எனக்கு இப்போது முப்பத்து நான்கு. மூன்று வரன்கள் தம்பியின் நோயைக் கேட்டு விலகிப்போயின. எனக்கு இந்த மரபணு மாற்றம் இல்லை, என் பிள்ளைகளுக்கு வராது என்று எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெரியவில்லை. பிறகு மரபணு ஆலோசகர் ஒருவர் ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டு, என் சதுரத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, "இதோடு நின்றுவிட்டது" என்றார். அந்தத் தாளை மடித்து வைத்திருந்து, நான்காவது வரன் வந்தபோது பெண்ணின் தந்தையிடம் நானே காட்டினேன். அவர் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "தம்பி படம் இருக்கிறதா?" என்று கேட்டார். இப்போது எனக்கு ஒரு மகன் இருக்கிறான்.

மூத்தவர்கள் மறைத்தது எங்கள் வீட்டுக்கு நன்மை செய்யவில்லை. வெளியில் பேசப்படாததால் ஊரார் தாங்களே ஒரு கதையைக் கட்டிக்கொண்டார்கள்; அந்தக் கதையில் நோய் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளைக் கவனியுங்கள். நோயுள்ள பிள்ளையின் உடன்பிறப்பு, தனக்குக் காய்ச்சல் வந்தாலும் சொல்லாமல் இருக்கப் பழகிவிடும். நான் அப்படித்தான் இருந்தேன்.

கேள்வி கேட்டவர்: மருதாணி (பதினெட்டு நாள்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியாததற்கு மன்னிக்க வேண்டும்.

மருத்துவர் ஐயா எக்கோவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பின், அம்மாவிடம் திருமணப் பேச்சை எடுக்காமல், "உனக்கு மூச்சு வாங்குகிறதா?" என்று மட்டும் கேட்டேன். மாடியில் துணி காயப்போடப் போனால் நடுவில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறேன், ஒரு வருஷமாகவே அப்படித்தான் என்றார். எக்கோவில் இதயத் தசை பலவீனமாக இருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இதுவும் அதே மரபணுவால்தான் இருக்கக்கூடும் என்று இதய மருத்துவர் சொன்னபோது, அம்மா என் பக்கம் திரும்பி, "அப்படியானால் அவளுக்கும் பார்க்க வேண்டும்" என்றார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தங்கையிடம் அம்மாவே சொன்னார். தகரப் பெட்டியின் அடியில் சேலை மடிப்புக்குள் வைத்திருந்த மாமாவின் புகைப்படத்தை எடுத்துவந்து காட்டினார். நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. திண்ணையில் தூணில் சாய்த்து உட்கார வைத்து எடுத்த படம். பதினைந்து வயது இருக்கும். என் மகனுக்கு இருக்கும் அதே புருவம். தங்கை நான்கு நாள்கள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அமராவதிக் கரை அக்கா, அந்த நான்கு நாள்களும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் வந்து, "ரத்தம் கொடுக்க எங்கே போக வேண்டும்?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மாப்பிள்ளையிடம் இன்னும் பேசவில்லை. முடிவு எதுவானாலும் தானே அவரிடம் பேசிக்கொள்வதாகவும், நாங்கள் குறுக்கே வரக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். காரைக்குடி அத்தை, உங்கள் பயம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

கம்பத்தில் என் சித்தி இருக்கிறார்; அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்குத் திருமணமாகி ஏழு மாதம் ஆகிறது. அம்மா தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும், "தம்பிக்கு வந்தது இளம்பிள்ளைவாதம், நீ ஏதாவது கிளப்பிவிடாதே" என்று சித்தி இணைப்பைத் துண்டித்துவிட்டார். மகனின் அறிக்கையில் இரண்டு நகல் எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் அம்மாவும் நானும் கம்பம் போகிறோம்.